கடைசிக் குடம்

வரிசையில் இரண்டாவதாக இருந்த தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், ராதாமணி கடைசியில் வைத்தாள்.

தெருக்குழாயைச் சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் முன்னால் போகத்தான் சண்டை நடக்கும். தானாகப் பின்னால் போகிற ஆளை அவர்கள் கண்டதில்லை, தங்கப்பொண்ணைத் தவிர.

“வீட்டுக்குள்ளயே குழாய் வந்திருச்சு. இன்னும் எதுக்குக்கா குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க?” என்றாள் ராக்கம்மாள்.

ராதாமணி சிரித்து வைத்தாள்.

மாநகராட்சி அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுத்து முடித்திருந்தது. எதிர் காம்பவுண்டில் வாடகைக்கு இருந்த குடும்பங்களுக்கும் முற்றத்தில் பொதுவாக ஒரு குழாய் வந்துவிட்டது. தெருக்குழாய் இன்றோடு சரி. அதைக் கழற்றி மூடுவதற்காக ஃபிட்டர் பால்பாண்டி பெரிய ஸ்பேனரோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் நிற்பதற்குள் ஆளுக்கொரு குடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்.

ராதாமணி தண்ணீருக்காக வரவில்லை. தங்கப்பொண்ணு பிடித்த பிறகு, அவளுக்கு அடுத்ததாக ஒரு குடம் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு முறை. இன்று விட்டால் அதற்கு இடமே இருக்காது.

தங்கப்பொண்ணு எதிர் காம்பவுண்டில் குடியிருந்தாள். மேலூர்ப் பக்கம் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். புருஷனுக்கு வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்து மதுரைக்கு வந்தவர்கள்.

வந்த முதல் வாரம் எல்லோரையும் போல, வந்த வரிசையில்தான் குடம் வைத்தாள். பிறகு ஒருநாள் கடைசிக்குப் போனாள். அதன் பின் முன்னால் வரவே இல்லை. அவளுக்கு அப்புறம் யாராவது வந்தால் தன் குடத்தை எடுத்து அவர்கள் குடத்துக்குப் பின்னால் வைத்தாள்.

பொறுமைசாலி என்றார்கள் சிலர். ராக்கம்மாள் அவளுக்குக் ‘கடைசிக் குடம்’ என்று பேர் வைத்தாள். கூப்பிட்டால் தங்கப்பொண்ணும் சிரிப்பாள்.

கோடையில் வரிசை பாதி இருக்கும்போதே குழாய் வெறும் காற்றை ஊதும். அந்த நாட்களில் அவள் இடுப்புப் பிள்ளையோடு அடுத்த தெரு அடிபம்புக்குப் போய் உப்புத்தண்ணீர் அடித்துக்கொண்டு வருவாள்.

ஏன் என்று தெருவில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

வீட்டில் பேசும் மொழியில் ராதாமணி அதற்கான மன்னிப்பை மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். தெருவில் பேசும் தமிழில் சொல்ல ஒரு தடவைகூட வாய் வரவில்லை. ஒரு தீபாவளிக்குத் தங்கப்பொண்ணு வீட்டுக்குத் தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தனுப்பினாள். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று யாரும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். தங்கப்பொண்ணு அதை நன்றாகத் துலக்கி, வெறும் தட்டாகவே அனுப்பியிருந்தாள்.

இப்போது தங்கப்பொண்ணு வந்தாள். ராதாமணியின் குடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். தன்னுடையதை அதற்குப் பின்னால் வைத்தாள்.

ராதாமணி தன் குடத்தை எடுத்து அதற்குப் பின்னால் வைத்தாள்.

தங்கப்பொண்ணு மறுபடி எடுத்தாள். ராதாமணியும் எடுத்தாள். பெண்கள் சிரித்தார்கள்.

“இப்படியே பின்னாடி போனா தெப்பக்குளம் வந்துரும்க்கா,” என்றார் பால்பாண்டி. “தண்ணி நிக்கப் போகுது.”

ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு குடங்கள்தான் மிச்சம்.

“நீ முன்னால பிடி, தங்கப்பொண்ணு,” என்றாள் ராதாமணி. குரல் கெஞ்சியது. “நான் ஒனக்குப் பெறகு பிடிச்சுக்கிறேன்.”

தங்கப்பொண்ணு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குனிந்து குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

தண்ணீர் மெலிந்துகொண்டிருந்தது. குடம் நிறைய நேரம் பிடித்தது. ராதாமணி தன் குடத்தோடு நெருங்கி நின்றாள். தங்கப்பொண்ணு எடுத்த கையோடு அப்படியே வைத்துப் பிடித்தால் போதும். பேச்சே வேண்டாம்.

தங்கப்பொண்ணு நிறைகுடத்தை நகர்த்தினாள். ஆனால் எழவில்லை. ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தினாள். குழாய்வாயைக் கட்டைவிரலால் சுற்றித் தேய்த்தாள். இன்னொரு கை தண்ணீர் பிடித்து அதன்மேல் வீசிக் கழுவினாள்.

ராதாமணி கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், தங்கப்பொண்ணு குடிவந்த முதல் வாரத்தில், அவள் பிடித்து முடித்ததும் ராதாமணி கழுவியது அப்படித்தான். அதே விரலால், அதே மாதிரி. யாரும் சொல்லிச் செய்யவில்லை. வரிசையில் நின்றவர்கள் யாரும் கவனிக்கவும் இல்லை. கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, இடுப்பில் குடத்தோடு தங்கப்பொண்ணு போகாமல் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“கழுவிட்டேன்க்கா,” என்றாள் தங்கப்பொண்ணு இப்போது. “பிடிச்சுக்கங்க.”

குரலில் குத்தல் இல்லை. மறக்காமல் ஒரு வேலையைச் செய்து முடித்த குரல். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவைக் கடந்து போனாள்.

பால்பாண்டி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ராதாமணி குடத்தை வைத்தாள். சுத்தமான குழாயிலிருந்து, குடம் பாதி நிறையும்வரை, தண்ணீர் வந்தது.