சத்தத் திருட்டு

ஹர்த்தால் என்றால் கொச்சியில் எல்லோருக்கும் தூக்கம். லோனப்பனுக்கு மட்டும் பண்டிகை. பஸ் இல்லை, ஹார்ன் இல்லை, மீன்காரரின் கூவல்கூட இல்லை. சினிமாவுக்குச் சத்தம் செய்து கொடுப்பவருக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா?

அன்றைக்கு என்னவோ பண்டிகை கசந்தது. பாலைமரத்து யட்சி ஒருத்தி அடிமரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிற காட்சி. காலையிலிருந்து பஸ் சீட் ஃபோம், பழைய ஃபிரிட்ஜின் உள்பஞ்சு, மெத்தை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மைக்கின் முன்னால் வைத்துக் கிழித்துத் தள்ளிவிட்டார். இரைச்சல் ஏறிவிடும் என்று ஏசியையும் அணைத்திருந்ததால், மனிதர் வியர்வையும் பஞ்சுமாக நின்றார்.

மூன்றாவது தடவையாக டைரக்டர் பிரமோத் போனில் வந்தார்.

"சேட்டா, இது யட்சி வர்ற சத்தமா? யாரோ அப்பளப் பாக்கெட்டைப் பிரிக்கிற மாதிரி இருக்கு."

"ஃபிரிட்ஜோட உள்பஞ்சு சாரே அது! கேட்டாலே புல்லரிக்கும்னு நினைச்சேன்."

"எனக்குப் பசிதான் எடுத்துச்சு. சாயங்காலத்துக்குள்ள சரியா வரலேன்னா, தப்பா நினைச்சுக்காதீங்க, படத்தைப் பென்னிகிட்ட குடுத்துடறேன்."

பென்னியின் ஸ்டுடியோ அடுத்த கதவு. நடுவில் ஒரே ஒரு சுவர். ஏற்கெனவே லோனப்பனின் இரண்டு படங்கள் அந்தச் சுவரைத் தாண்டிப் போயிருந்தன. இதுவும் போனால் அப்புறம் எவன் கூப்பிடுவான்? கடையை இழுத்து மூட வேண்டியதுதான். நினைக்கும்போதே அவருக்கு அழுகை வந்தது.

கிழிக்க வேறு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பின்பக்கச் சாமான் அறைக்குப் போனார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்ர்ரக்...

சாதாரணக் கிழிசலா அது! நிதானமாக, முரடாக, நடுவே உயிர் போவதுபோல ஒரு முனகலோடு வந்தது. லோனப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யட்சியேதான்.

சத்தம் சுவரின் உச்சியில் இருந்த வென்டிலேட்டர் வழியாக வந்துகொண்டிருந்தது. வெளியே இரண்டு ஸ்டுடியோவுக்கும் பொதுவான சந்து. கூடவே இரண்டு அடங்கிய குரல்கள்.

"மெல்லடா. பக்கத்துல ஆள் இருந்தா கேட்டுரும்."

"ஹர்த்தால் அன்னைக்கு எவன்டா வருவான்? நீ பூனை மாதிரி பிறாண்டாத. நீளமா உரி."

அடப்பாவி பென்னி! இவனும் ஹர்த்தாலைக் குறிவைத்து, ஆள் வைத்து, திறந்தவெளியில் ரகசியமாகப் பதிவு செய்கிறானா? லோனப்பன் பல்லைக் கடித்தார். ஆனாலும் தொழில்காரர் அல்லவா, விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. நீளமாக உரிக்க வேண்டும். காலையிலிருந்து பூனை மாதிரி பிறாண்டிக்கொண்டிருந்தது இவர்தான்.

எட்டிப் பார்க்க ஸ்டூல் இருந்தது, தைரியம்தான் இல்லை. இவர் பார்த்தால் அவர்களும் இவரைப் பார்ப்பார்களே! ஒரு நீளக் கம்பில் மைக்கைக் கட்டி, வென்டிலேட்டர் வரை உயர்த்திப் பிடித்தார்.

"கலூர் அந்தோணியாரே, இந்த ஒரு தடவை மன்னிச்சிடும்."

அந்தோணியார் ஆட்சேபிக்கவில்லை. கை வலித்தும் அசையாமல், சந்து அடங்கும்வரை பதிவு செய்தார். பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்தக் குரல்கள் இருந்த இடங்களையெல்லாம் சுத்தமாக வெட்டி எறிந்தார். திருடுகிறவன் சாட்சி வைப்பானா? சத்தம் மட்டும் பிரமோத்துக்குப் போனது.

சற்று நேரத்தில் போன் அலறியது.

"சேட்டா! என் பொண்டாட்டி பயந்துபோய்ச் சாயாவைக் கொட்டிட்டா! எப்படிச் செஞ்சீங்க?"

"தொழில் ரகசியம் சாரே."

"அடுத்த படமும் உங்களுக்குத்தான். எழுதி வச்சுக்கோங்க."

துள்ளிக் குதிக்க வேண்டியவருக்குக் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. இத்தனை வருஷத்தில் அடுத்தவன் சத்தத்தில் அவர் கை வைத்ததில்லை.

மாலையில் ஹர்த்தால் முடிந்து கடைகள் திறந்து, இருட்டிய பிறகு கதவு தட்டப்பட்டது. பென்னி. முகம் தொங்கிப் போயிருந்தது.

"சேட்டா, பகல்ல நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

லோனப்பன் கதவைப் பாதி மூடிக்கொண்டார். "ஏன்டா?"

"பின்பக்கச் சந்துல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

அவ்வளவுதான், பென்னியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தப்புதான்டா மோனே. கேட்டதோட நிக்காம மைக்கைத் தூக்கிப் பிடிச்சு முழுசா எடுத்துட்டேன். டைரக்டருக்கும் அனுப்பிட்டேன். நீ ஆள் வச்சு உரிச்ச சத்தம், அது உன்னோடதுதான். படத்துல உன் பேரையும் போடச் சொல்றேன். வெளிய மட்டும் சொல்லிடாத."

பென்னி திருதிருவென்று விழித்தான்.

"நான் உரிச்சேனா? வழியில வண்டியை மறிச்சுட்டாங்கன்னு நாள் பூரா சாலக்குடியில மாமியார் வீட்டுல உக்காந்துட்டு இப்பத்தான் வர்றேன். பைக்கை நிறுத்தச் சந்துக்குப் போனேன். நீங்களே வந்து பாருங்க."

"அப்ப அந்தச் சத்தம்?"

அவரைச் சந்துக்குக் கூட்டிப்போய், பென்னி கைபேசி வெளிச்சத்தை அடித்தான்.

லோனப்பனின் ஏசி குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு ஃபோம் மட்டும் நீள நீளமாக உரிந்து தரையில் கிடந்தது. உள்ளே இருந்த செம்புக் குழாயை, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மைக் தூக்கி நின்ற நேரத்தில், ஒரு துண்டு விடாமல் உருவிக்கொண்டு போயிருந்தார்கள்.