தொடக் கூடாத சுவர்

"சுவர இடிச்சது யாருல?"

சந்துக் கமிட்டித் தலைவர் ரஹ்மத்துல்லா கேட்டதும், கூடியிருந்த அத்தனை கண்களும் ஆதர்ஷ் பக்கம் திரும்பின. சம்மட்டி இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

பரீஹா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தன் கல்லூரித் தோழன் ஆதர்ஷின் பக்கத்தில் போய் நின்றாள். ஹோலி லீவில் மும்பை மான்குர்த்துச் சேரியில் ஒரு ஏழைக்கு வீடு கட்டித் தரலாம் என்று கல்லூரியில் எட்டுப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்தவளே அவள்தான். வந்தவர்களில் தமிழ் தெரிந்தவளும் தாராவியில் பிறந்த அவள் ஒருத்திதான். வீட்டுக்காரி சொர்ணம்மாளோ திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியும் தமிழைத் தவிர வேறு வார்த்தை பேசாதவள். அதனால் செங்கல் தூக்கியது பாதி, மொழிபெயர்த்தது பாதி என்று பரீஹாவுக்கு நான்கு நாட்கள் ஓடியிருந்தன. மத்தியானம் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கப் பத்து நிமிஷம் வெளியே போனாள். திரும்பி வந்தால் சுவரைக் காணோம்.

போனது லேசுப்பட்ட சுவர் இல்லை. சொர்ணம்மாளின் புருஷன் கண்ணை மூடிய கையோடு, கொழுந்தன் இசக்கிப்பாண்டி இரண்டு பங்குக்கும் நடுவில் எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர். அதை அண்ணன் பங்குக்குள் ஒன்றரை அடி தள்ளி எழுப்பியிருந்தான். அளந்து பார்த்த கமிட்டிக்கும் அது தெரியும். ஆனாலும் கட்டின சுவர் நிற்கட்டும், குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். அதோடு விட்டானா அவன்? "நானும் தொட மாட்டேன், அடுத்தவங்களையும் தொடச் சொல்ல மாட்டேன்" என்று சொர்ணம்மாளைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தான்.

அந்த ஒன்றரை அடி போனதால் புது வீட்டுப் பிளானில் கக்கூஸுக்கு இடமில்லை. முட்டிவலியோடு அவள் சந்துக் கோடியில் இருக்கும் பொதுக் கக்கூஸுக்குத்தான் நடக்க வேண்டும். பரீஹாவுக்கு அது ஆறவே இல்லை.

"மதினி சத்தியத்த மீறிட்டாவ," என்று குதித்தான் இசக்கிப்பாண்டி. "இந்தப் புள்ளையள இப்பமே ரயில் ஏத்தி அனுப்புங்க. வீட்டு வேலையும் நிக்கணும். எஞ்சுவரு இருந்த எடத்துலயே திரும்ப எந்திரிக்கணும்."

வேலை நின்றால் சொர்ணம்மாளுக்கு மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்தான் கூரை. இருந்த பழைய வீட்டைப் பிரித்துப் போட்டதும் இவர்கள்தான். நல்லது செய்ய வந்து இப்படி ஆகிவிட்டதே என்று பரீஹாவுக்கு அழுகை முட்டியது.

"நா எங்க மீறுனேன் கொழுந்தனாரே?" சொர்ணம்மாள் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "பழைய பின்சுவர இடிச்சிட்டு அந்தப் பையன் இந்தப் பக்கம் திரும்புனதும், தொடாதே, தொடாதேன்னு தொண்ட கிழியக் கத்துனேனே. சந்தே கேட்டுச்சே."

"கேட்டுச்சு," என்றது ஒரு குரல். வேறு யாருமில்லை, இசக்கிப்பாண்டியின் பெண்டாட்டி விஜயலட்சுமி. "மூணு தடவ கத்துனாவ. நா துணி காயப் போட்டுக்கிட்டு நின்னேன்."

இசக்கிப்பாண்டி அவளை முறைத்த முறைப்பில் அந்தத் துணியெல்லாம் அப்போதே காய்ந்திருக்கும்.

ரஹ்மத்துல்லா ஆதர்ஷிடம் இந்தியில் விசாரித்தார். நாக்பூர்ப் பையன், பாவம், முகம் வெளிறிப் போய் அவனும் இந்தியிலேயே சொன்னான்.

"அங்கிள், இந்தச் சுவரையும் இடிக்கணுமான்னு கேட்டேன். ஆன்ட்டிதான் சொன்னாங்க. 'தோட் தே, தோட் தே'ன்னு கையை வேற ஆட்டினாங்க. ரொம்ப அவசரம் போலன்னு நாலே அடியில முடிச்சிட்டேன்."

பரீஹாவுக்குத்தான் முதலில் உறைத்தது. இந்தியில் 'தோட் தே' என்றால் உடைத்துப் போடு. அதையும் தமிழ்த் 'தொடாதே'யையும் ஒரு பொம்பளை பதறிக் கத்தினால் என்ன வித்தியாசம் தெரியும்? அவள் அதை எடுத்துச் சொன்னதும் சந்தே விழுந்து விழுந்து சிரித்தது. ரஹ்மத்துல்லாவும் தாடியைத் தடவுகிற சாக்கில் சிரித்துக்கொண்டார்.

"ஐயோ, அந்தப் பாஷையில அப்படியா அர்த்தம்?" என்று சொர்ணம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லாச் சிரிங்க. எஞ்சுவருக்கு யாரு பதில் சொல்லுவா?"

"நா சொல்லுதேன், கேட்டுக்கோ இசக்கி." ரஹ்மத்துல்லா எழுந்தார். "நின்ன சுவர இடிக்கக் கூடாதுன்னுதான் கமிட்டி சொல்லிச்சு. விழுந்த சுவரத் தப்பான எடத்துல கட்டணும்னு சொல்லல. புதுச் சுவரு அளவுப்படிதான் எந்திரிக்கும். இந்தப் புள்ளையளே கட்டிக் குடுக்கும். மதினி தொடாதேன்னு கத்துனதுக்கு ஒம் பொண்டாட்டியே சாட்சி, பெறவு என்ன?"

இசக்கிப்பாண்டி பெண்டாட்டியைத் தேடினான். அவள் துணி எடுக்கப் போய்விட்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. பரீஹா அங்கேயே பிளானை விரித்து, மூலையில் ஒரு சின்னச் சதுரம் போட்டு, அதற்குள் கக்கூஸ் என்று எழுதினாள். சந்தோஷத்தில் எழுத்து கோணலாக வந்தது.

ஆதர்ஷ் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொர்ணம்மாள் முன்னால் வந்து நின்றான். "பரீஹா, ஆன்ட்டி சொன்னது எனக்குச் சரியாப் புரியலன்னு சொல்லு. மன்னிச்சிடச் சொல்லு."

பரீஹா மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள், சொர்ணம்மாள் அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக் குனிய வைத்து, இரண்டு வருஷம் மத்தியானம் பூரா சீரியல் பார்த்துப் பழகிய சுத்தமான இந்தியில் அவன் காதில் சொன்னாள்:

"ஏன் பேட்டா, ஒரு தடவ சொன்னா உடைக்க மாட்டியா? மூணு தடவ கத்த வெச்சிட்டியே."