போகவிடாத பிரம்பு

மழைக்காட்டுப் பாதையோரம் ஒரு பிரம்புப் புதர் இருந்தது. ஒரே வேரில் ஐந்தாறு தண்டுகள், உடம்பெல்லாம் முள். ஆனால் யாராவது அந்த வழியாகப் போனால் போதும், அதற்குச் சந்தோஷம் தாங்காது. கொக்கி முள்ளால் பிடித்து நிறுத்தி, நாலு வார்த்தை பேசாமல் விடாது.

ஒரு நாள் சருகுமான் ஒன்று அவசரமாக ஓடி வந்தது. முதல் தண்டு அதன் காதைப் பிடித்துக்கொண்டது.

"என்ன தம்பி, கண்டும் காணாம போறே?"

"ஆத்தோரம் அத்திப்பழம் கொட்டிக் கிடக்காம் அக்கா. பன்னிங்க வர்றதுக்குள்ள போகணும்."

இழுக்க இழுக்க முள் இறுகியது. "சரி, இருக்கேன்" என்று மான் ஓரடி பின்னால் வைத்ததும் தானாகக் கழன்றது. உடனே அடுத்த தண்டு வாலைப் பிடித்தது.

"அவகிட்ட மட்டும் பேசிட்டு, என்கிட்ட பேசாம போனா எப்படி?"

வேறு வழியில்லாமல் மான் உட்கார்ந்தது.

"அப்புறம்?" என்றது முதல் தண்டு.

"நீங்கதான் சொல்லணும்."

எல்லாத் தண்டுகளும் யோசித்தன. பேச ஒன்றுமே கிடைக்கவில்லை.

"அப்ப கிளம்பறேன் அக்கா."

இரண்டடி வைப்பதற்குள் மறுபடி காது மாட்டியது.

"அடடா, முக்கியமானதைச் சொல்ல மறந்துட்டேன் பாரு! விடியும்போதே பன்னிக்கூட்டம் ஆத்துப் பக்கம் போச்சு. ஒரு பழம்கூட மிச்சமில்லையாம்."

சருகுமான் பெருமூச்சு விட்டது. கால்களை நன்றாக மடக்கிப் படுத்துக்கொண்டது.

"அப்புறம்?" என்றது.