பக்கத்து வீட்டுச் சாட்சி

பக்கத்து மாகாணமான ஒண்டாரியோவின் நம்பர் போட்ட ஒரு கார் சனிக்கிழமை காலையில் வந்து தெருவோரம் நின்றது. உள்ளே இருந்தவர் இறங்கவில்லை. பக்கத்து வீட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புஷ்பம், இஞ்சை ஓடி வா. ஆள் வந்திட்டான்," என்றார் சிவநேசம், ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கியபடி.

"ஆர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் மனைவி புஷ்பராணி.

"சுந்தரராஜன் சொன்ன ஆள்தான். லேகாவைப் பற்றித் தோண்ட வந்திருக்கிறான்."

"தமிழ் ஆள் மாதிரியெல்லோ கிடக்கு?"

"தமிழனை அனுப்பினாத்தானே எங்களிட்டைக் கதை எடுக்கலாம்."

பக்கத்து வீட்டு சுந்தரராஜனின் ஒரே மகள் ஸ்ரீலேகா. இந்தக் கர்க்லாண்ட் தெருவில் சைக்கிள் ஓட்டி விழுந்து எழுந்தவள். எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே வக்கீலாகி, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். இப்போது மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி பதவிக்குத் தேர்தலில் நிற்கிறாள். அங்கே நீதிபதியையும் மாநிலம் முழுக்க ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்குக் கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அவர்கள் வழக்கம் அது.

பிள்ளை இல்லாத சிவநேசத்துக்கு அவள் ஜெயித்தால் தன் மகள் ஜெயித்த மாதிரி. அந்த நினைப்பிலேயே ஒரு மாதமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை.

போன வாரம்தான் சுந்தரராஜன் எச்சரித்திருந்தார். "எதிராளி ஆள் விட்டு விசாரிப்பான் சார். இளகின மனசு, சொந்தபந்தத்துக்கு வளைஞ்சு கொடுப்பாள்னு ஒரு வார்த்தை சிக்கினாப் போதும். டிவி விளம்பரமாப் போட்டு அவளை ஒழிச்சுடுவான். பார்த்துப் பேசுங்க."

பத்தரை ஆனதும் அந்த மனிதர் காரைவிட்டு இறங்கினார். சுந்தரராஜன் வீட்டுப் பக்கம் போகாமல் நேரே வந்து சிவநேசம் வீட்டு மணியை அழுத்தினார். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை, சிரித்த முகம். அந்தச் சிரிப்பைத்தான் சிவநேசம் துளியும் நம்பவில்லை.

"வணக்கம் சார். பக்கத்து வீட்டு ஸ்ரீலேகாவை உங்களுக்குச் சின்ன வயசுலேருந்தே தெரியும்னு சொன்னாங்க. எப்படிப்பட்டவங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நீங்கள் ஆர்?"

"தெரிஞ்சவங்கதான். சும்மா பொதுவா ஒரு விசாரணை."

சும்மா விசாரிக்க ஒருவன் இவ்வளவு தூரம் கார் ஓட்டி வருவானா? சிவநேசம் மனதுக்குள் சிரித்துக்கொண்டு, அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். புஷ்பராணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"பெரியவங்க சொன்னா கேட்டுப்பாங்களா?" என்று ஆரம்பித்தார் வந்தவர்.

வலை விரிக்கிறான் என்று சிவநேசத்துக்குப் பட்டது. "தாய் தகப்பன் சொன்னாலும் கேளா. தான் எடுத்ததுதான் முடிவு."

"சொந்தக்காரங்ககிட்ட எப்படி?"

"சொந்தமெல்லாம் அவவிட்டைச் செல்லாது. ஒருக்கா ஸ்நோ அள்ளுற நேரம் ரோட்டிலை விட்டுக் கிடந்தது எண்டு தகப்பன்ரை காரை இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள். தண்டத்துக்கு எதிரா ஒரு கடிதம் எழுதித் தா எண்டு மனுசன் கெஞ்சினார். பிழை உங்களிலை, காசைக் கட்டுங்கோ எண்டிட்டு ஃபோனை வைச்சிட்டா."

அது நடந்ததுதான். மறுநாள் அந்தத் தண்டத்தை அவளே கட்டியதைச் சிவநேசம் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டார்.

வந்தவரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "ஆனா மனசுல இரக்கம் உள்ளவங்கதானே?"

புஷ்பராணிக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு ஒப்பரேஷன் நடந்த நேரம் அந்தப் பிள்ளை..."

சிவநேசம் ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். லீவு போட்டு ஓடி வந்து, இந்த வீட்டு அடுப்படியில் கஞ்சி வைத்து, புஷ்பராணிக்குக் கால் பிடித்துவிட்டவள் ஸ்ரீலேகா. அதைச் சொல்லத்தான் சிவநேசத்துக்கும் ஆசை. ஆனால் பிள்ளை ஜெயிக்க வேண்டுமே.

"இரக்கமோ? முன்னாலை நிண்டு அழுதாலும், சாட்சி எங்கையெண்டுதான் கேப்பா."

"வேலை நேரம் போக, கோயில் குளம்னு ஏதாவது ஈடுபாடு?"

"சட்டப் புத்தகத்தை விட்டா அவவுக்கு உலகத்திலை ஒண்டும் தேவையில்லை."

வந்தவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஒளிவுமறைவு இல்லாமச் சொன்னீங்க. பெரிய உதவி சார்," என்று கும்பிட்டுவிட்டு, அடுத்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

"பாத்தியே புஷ்பம்? தலைகீழா நிண்டும் ஒரு குறை கண்டுபிடிக்கேலாமல் போயிட்டான்."

"எண்டாலும் அந்த மனுசன்ரை முகத்தைப் பாக்கப் பாவமாக் கிடந்தது," என்றாள் புஷ்பராணி.

அந்தப் பேச்சைச் சிவநேசம் காதில் வாங்கவில்லை. சுந்தரராஜனிடம் சொல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு வேலியடிக்கு விரைந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் சுந்தரராஜனின் மனைவி கிரிஜா இவரைத் தேடிக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு முந்திக்கொண்டாள்.

"அண்ணா, நம்ம லேகா ஒரு பையனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருக்கா, அவனோட பெரியப்பா டொராண்டோலேருந்து அக்கம்பக்கத்துல விசாரிக்க வராராம், நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க."