மூன்று துளை

"நெஞ்சைத் திறந்துதான் எடுக்கணும். வேற பேச்சே கிடையாது." பெரிய டாக்டர் மேசையை ஓங்கித் தட்டினார். வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டிருந்தார்.

எதிரே இருந்த பெண் டாக்டர் திரையில் தெரிந்த ஸ்கேன் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு துளை போதும் சார், கேமராவை விட்டு எடுத்துடலாம்" என்றாள்.

அவளுக்குச் சின்னக் குரல். படிக்கிற காலத்தில், "எறும்புக்கா பதில் சொல்ற? எனக்குக் கேக்கற மாதிரி பேசு" என்று வகுப்பில் அவளை நிற்க வைத்தவர் அவர்தான். மார்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் அவருக்கு எதிர்ப்பேச்சு பேசி யாருக்கும் பழக்கமில்லை.

செவிலி வந்து ஒரே ஒரு கோப்பை டீயை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பெரியவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அதைத் தள்ளி வை. வாசனையே எரிச்சலா இருக்கு."

அவள் டீயைத் தள்ளி வைத்தாள். பேச்சை விடவில்லை.

திரையில், மூச்சுக்குழாய்க்கு வலப்பக்கம், இதயத்துக்கு இறங்கும் பெரிய ரத்தக் குழாயை ஒட்டி ஒரு நிணநீர் முடிச்சு எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. புற்று இல்லை. அபூர்வமான நோய், முடிச்சை முழுசாக எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுப்பதுதான் கஷ்டம். சுற்றிலும் ரத்தக் குழாய்கள் படர்ந்திருக்கும், தவறித் தொட்டால் கொட்டும்.

"ரத்தம் பீறிட்டா என்ன பண்ணுவ? துளை வழியா எட்டிப் பாத்து, நில்லு நில்லுன்னு கெஞ்சுவியா?"

"முடிச்சுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ரெண்டையும் நேத்தே அடைச்சாச்சு. நீங்களும்தான் திரையில பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"பாத்ததாலதான் சொல்றேன்."

"அதையும் மீறிக் கசிஞ்சா அழுத்திப் பிடிப்பேன். நிக்கலைன்னா அப்பத் திறப்பேன். விலாவை விரிக்கிற கருவி பக்கத்துத் தட்டுல தயாரா இருக்கும். எடுத்த எடுப்புல திறக்க மாட்டேன்."

"ஏன், உன் கேமராவுக்குக் கோவம் வந்துடுமா?"

"இந்த கேஸ் நாள் முழுக்க நின்னுக்கிட்டே கையால வேலை பாக்கறவரு சார். விலாவை விரிச்சா மாசக்கணக்குல வலி கையைத் தூக்க விடாது."

"வீட்டுல இருக்கட்டுமே. என்ன குடியா முழுகிடும்?"

"அவரு வீட்டுல இருந்தா அவரு சம்சாரம் வீட்டைக் காலி பண்ணிடுவாங்க."

கதவுக்கு வெளியே செவிலி சிரிப்பை அடக்க இருமினாள்.

அந்த அறையில் யாரையும் 'கேஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் கூடாது, உறவு கூடாது, பெற்ற தாயே படுத்திருந்தாலும் கேஸ்தான். பாசம் வந்தால் கை நடுங்கும் என்று பெரிய டாக்டர் போட்ட சட்டம் அது.

"கேஸோட சம்சாரத்துகிட்ட பேசிட்டியா?"

"காலையிலயே பேசிட்டேன். பெரிய டாக்டர் என்ன சொன்னாலும் காதுல வாங்காதேம்மான்னாங்க."

"சொல்லுவா, சொல்லுவா!" அவர் முகம் சிவந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது என் டிபார்ட்மென்ட். இங்க நான் சொல்ற இடத்துலதான் கத்தி இறங்கும். நேத்து முளைச்சவ நீ, எனக்குப் பாடம் எடுக்கறியா?"

அவளும் எழுந்தாள். அவர் தோளுக்குக்கூட எட்டாத உயரம். குரல் நடுங்கவில்லை.

"வேற டாக்டரைக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க சார், வழி விட்டுடறேன். நாளைக்கு என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னாலும் தூக்குங்க. ஆனா இன்னைக்குக் கத்தி என் கையில இருந்தா மூணு துளைதான். அந்த கேஸே எந்திரிச்சு வந்து கத்தினாலும் சரி."

இந்தத் தடவை எறும்புக்கு இல்லை; தாழ்வாரம் வரை கேட்டது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளை முடிச்சை, அதை ஒட்டிய பெரிய குழாயை, இரண்டுக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியை. வெளியே எங்கேயோ சக்கரம் கிறீச்சிட்டது.

"திறந்து வெச்சா எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும்" என்றார். அவர் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது. "துளைன்னா பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் சார்."

"கை நடுங்காதே?"

"நடுங்காது. அதுக்குத்தான் காலையிலேர்ந்து கேஸ், கேஸுன்னே சொல்லிக்கிட்டிருக்கேன்."

கதவு திறந்தது. செவிலி காலித் தள்ளுவண்டி ஒன்றை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தாள். "தியேட்டர் ரெடி டாக்டர். கேஸைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?"

பெண் டாக்டர் தலையசைத்தாள்.

பெரிய டாக்டர் அந்த வண்டியை மேலும் கீழுமாகப் பார்த்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு, கோட்டின் முதல் பொத்தானில் கை வைத்தார்.

"வண்டியெல்லாம் வேண்டாம். நானே நடந்து வந்து படுத்துக்கறேன்."