பார்க்க வந்தவர்கள்

கார் தெருமுனையில் நின்றதும் பாவாயி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வந்துட்டாங்க தனா. தலையச் சீவிட்டு, நான் கூப்புட்டதும் டீயக் கொண்டா."

தனப்பிரியா சீப்பை எடுத்தாள். பொண்ணு பாக்க வர்றாங்க என்று அம்மா காலையில்தான் சொல்லியிருந்தாள். பீஸ் கட்டாததால் ஒரு மாதமாக அவள் கல்லூரிக்குப் போகவில்லை.

பதினொரு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் லைன் அது. நாற்காலிகள் ஒரு வீட்டிலிருந்தும் தம்ளர்கள் இன்னொரு வீட்டிலிருந்தும் வந்திருந்தன. பாவாயி கட்டியிருந்த புடவை பக்கத்து வீட்டு வசந்தாமணியுடையது. விசைத்தறிப் பட்டறை மூடி நாலு மாதமாகிவிட்டதால் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். பெண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்திகூடக் கேலி பேசவில்லை.

தரகர் வீரபாகு முன்னால் வந்தார். பின்னால் வந்தவர் கைலாசம், அறுபது வயதிருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நல்ல குடும்பமுங்க" என்றார் வீரபாகு. "ஊட்டுக்காரரு தவறி ஆறு வருசமாச்சு. இந்தம்மா தறி ஓட்டியே புள்ளைய நாமக்கல்ல பி.காம் படிக்க வெச்சிருக்குது. இன்னும் ஒரு வருசம் பாக்கி."

கைலாசம் தலையாட்டினார். பாவாயியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்களுக்கு சுகரு, பிரசரு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. காய்ச்சல்னுகூட ஆஸ்பத்திரிப் படி ஏறுனதில்லீங்க."

"உங்க அப்பா அம்மாவுக்கு?"

"அவங்களுக்கும் இல்லீங்க."

தனப்பிரியா டீ கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டினாள். கைலாசம் அவளை நிமிர்ந்து பார்க்காமலே வாங்கிக் கீழே வைத்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"சரி, பொருத்தம் பாத்துட்டுச் சொல்றமுங்க" என்று வீரபாகு எழுந்தார். படியிறங்கப் போன கைலாசம் திரும்பி வந்து பாவாயியைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

கார் போனதும் தனப்பிரியா அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

"எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம்மா. ஒரே வருசம். முடிச்சுட்டு எங்கயாச்சும் கணக்கு எழுதப் போறேன், உன்னய ஒக்கார வெச்சுச் சோறு போடறேன். அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிரும்மா."

பாவாயி மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"உனக்குக் கல்யாணம் பண்ண மாட்டேன் சாமி. நீ படிப்ப. அடுத்த மாசம் காலேஜுக்குப் போயிரலாம், அழுவாத."

"நெசமாவாம்மா?"

"நெசமாத்தான். போ, நாற்காலியக் குடுத்துட்டு வா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தனப்பிரியா நாற்காலிகளைத் தூக்கிப் போனாள். அதுவரை வாசலில் நின்றிருந்த வசந்தாமணி உள்ளே வந்தாள். பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ரத்தம் ஒத்துப்போச்சுன்னா எடது பக்கத்துக் கிட்னிய எடுத்துக்கச் சொல்லு பாவாயி. எனக்கு வலதுல எடுத்தாங்க, அப்புறம் தறியில நிக்கவே முடியல."