உமி

கூண்டுக் கிண்ணத்தில் தினைக்கு மேலாகக் கிடக்கும் உமியை அக்கா தினமும் காலையில் வாயால் ஊதித் தள்ளுவாள். உமியோடு காய்ந்த எச்சத் தூளும் பறக்கும். இரண்டடிக் கூண்டில் பதினொரு லவ் பேர்ட்ஸ். அதில் மூன்று ஒரு வாரமாக இறகை உப்பிக்கொண்டு கண்மூடியே உட்கார்ந்திருந்தன.

“மாமா, அதுங்களுக்கு நோய். ஊதுற அக்காவுக்கும் ஒட்டிக்கும்” என்றேன். அக்காவின் கணவரான அவரிடம் நான் அவ்வளவு பேசியதே இல்லை.

“கிளிக்குச் சளின்னு சொல்லத்தான் மூணு வருஷம் விலங்கியல் படிச்சியா? ஞாயித்துக்கிழமை எல்லாம் சந்தைக்கு விக்கப் போகுது. வெளியே உளறி வைக்காதே.”

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். மூச்சுவிடத் திணறினாள். மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரேயை அக்காவின் கட்டிலோர மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“வீட்டில பறவை ஏதும் வளர்க்கிறீங்களா?”

“இல்ல சார். சுத்தபத்தமான வீடு” என்றார் மாமா.

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு என்னை.

மாமாவின் சட்டைக் காலரில் சிறிய பச்சை இறகு ஒன்று ஒட்டியிருந்தது. எழுந்துபோய் அதைப் பிடுங்கினேன். எக்ஸ்ரேயில் வெள்ளை படர்ந்திருந்த அக்காவின் நுரையீரல்மேல் வைத்தேன்.